பல்கலைக்கழகத்தில் என்ன வேலை? – ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியரின் அனுபவம்

பழைய பள்ளி நண்பர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "உங்களுக்கென்ன டீச்சர், யூனிவர்சிட்டி வேலை. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தான் கிளாஸ். மீதி நேரமெல்லாம் என்ன பண்றீங்க?" கேலியாகத்தான் கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆனால் அது நியாயமான கேள்வி. நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏழு ஆண்டுகள் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன். பகுதி நேரமாக ஆய்வை முடித்து, 2016-இல் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணிதத் துறையில் சேர்ந்தேன். பள்ளியில் இருந்த காலத்தில் எனக்கும் பல்கலைக்கழகம் என்பது சான்றிதழில் இருக்கும் ஒரு முத்திரை மட்டுமே. நம் மாணவர்கள் போய்ச் சேரும் இடம் அது. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. நாம் இங்கே செய்யும் சின்னச் சின்ன வேலைகள் அங்கே எப்படிப் போய் முடிகின்றன என்பதும் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வளாகம் மட்டும் பல்கலைக்கழகம் அல்ல

பல்கலைக்கழகம் என்றதும் பெரிய நுழைவாயில், மரங்கள், நூலகம் என்று ஒரு படம் மனத்தில் வரும். அது உண்மைதான். ஆனால் நம் மாநிலத்தின் பெரிய பொதுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வளாகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில். பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை. வளாகத்துக்குள் இருக்கும் துறைகளில் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சியும்தான் நடக்கும்.

இந்த அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1857-ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் நடத்திப் பட்டம் தரும் அமைப்பு அது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறிய நாள் 1857 செப்டம்பர் 5. நாம் ஆசிரியர் தினம் கொண்டாடும் அதே தேதி என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. மறு ஆண்டே அதன் முதல் பட்டதாரிகள் வெளிவந்தார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை. பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான்.

கடற்கரைச் சாலையில் போகும்போது நாம் பார்க்கும் செனட் மண்டபம் 1874-இல் தொடங்கி 1879-இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் இராபர்ட் சிசோம். பல்கலைக்கழகம் தொடங்கிய நோக்கம் தேர்வு நடத்துவது. அதனாலேயே அதன் அடையாளமான கட்டடம் ஒரு வகுப்பறையாக இல்லாமல் ஒரு மண்டபமாக அமைந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். பாடம் நடத்தும் துறைகளும் ஆராய்ச்சித் துறைகளும் இருபதாம் நூற்றாண்டில்தான் ஒவ்வொன்றாக வந்தன.

பிறகு மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் பல்கலைக்கழகங்கள் வந்தன. அண்ணாமலை 1929-இல். மதுரை 1966-இல். பாரதியார், பாரதிதாசன் இரண்டும் 1982-இல். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் 1990-இல். சேலத்தில் பெரியார் 1997-இல். வேலூர்ப் பகுதிக்குத் திருவள்ளுவர் 2002-இல். இப்படிப் பரவியதன் பலனை எண்ணிக்கையிலும் பார்க்கலாம். 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. நம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதே இதன் பொருள்.

பதினாறு மணி நேரமும் மீதி நேரமும்

இனி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். அதே விதிமுறை, மொத்தப் பணி நேரம் வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. மீதி 24 மணி நேரம் எங்கே போகிறது?

முதலில் தயாரிப்பு. பள்ளியில் பாடநூல் நம் கையில் இருக்கும். ஒரே பாடத்தை நான்காண்டு நடத்தினால் ஐந்தாம் ஆண்டு புத்தகம் பார்க்காமலே வகுப்புக்குப் போகலாம். முதுநிலையில் பாடத்திட்டம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்; ஐந்து அலகுகள், சில பார்வை நூல்கள், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு செமஸ்டருக்கான வகுப்பை நாமே கட்ட வேண்டும். முதல் ஆண்டில் ஒரு மணி நேர வகுப்புக்கு நான் நான்கு மணி நேரம் தயாரித்தேன். இன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை.

அடுத்து ஆய்வு மாணவர்கள். ஓர் உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் நான்கு முனைவர் பட்ட மாணவர்கள் வரை வழிநடத்தலாம். இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடை நமக்குத் தெரியும். அவர்களைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டும். ஆய்வு மாணவரிடம் அப்படி இல்லை. விடை இருவருக்குமே தெரியாது. ஆறு மாதம் உழைத்தபின் பாதை தவறு என்று தெரியும். அந்த நாளில் அவருக்குத் தைரியம் சொல்வதும் என் வேலைதான். அதற்குப் பயிற்சி எனக்குப் பள்ளியில்தான் கிடைத்தது.

மூன்றாவது, குழுக்களும் கோப்புகளும். சேர்க்கைக் குழு, நூலகக் குழு, விடுதிக் குழு, தர மதிப்பீட்டுக்கான ஆவணக் குழு. ஒரு கருத்தரங்கு நடத்த ஒரு சிறு தொகை வேண்டுமென்றால், துறைத் தலைவரின் கையெழுத்தோடு புறப்படும் கோப்பு உதவியாளர், பிரிவு அலுவலர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர், பதிவாளர் என்று படியேறும். நிதி அலுவலர் பார்க்க வேண்டும். பிறகு அதே படிகளில் இறங்கி வரும். சேர்ந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பொதுப்பணம் என்றால் ஒவ்வொரு ரூபாய்க்கும் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்பது பிறகு புரிந்தது. எரிச்சல் குறைந்ததே தவிர முழுதாகப் போகவில்லை.

காலியிடங்கள் நிரப்பப்படாத துறைகளில் வேலை இன்னும் கூடும். பல வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துகிறார்கள். என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தும் சிலர் என்னைவிட மிகக் குறைந்த ஊதியம் வாங்குகிறார்கள். ஓய்வறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது அந்த வேறுபாடு உறுத்தும். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை உண்மையாக இராது.

பாடத்திட்டமும் வினாத்தாளும்

"பாடத்திட்டத்தை யார்தான் மாற்றுகிறார்கள்?" என்று பள்ளியில் நாம் அடிக்கடி கேட்போம். பல்கலைக்கழகத்தில் அதற்குத் தெளிவான ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் குழு இருக்கிறது. துறைப் பேராசிரியர்கள், கல்லூரி ஆசிரியர்கள், வெளியிலிருந்து வரும் வல்லுநர்கள் அதில் இருப்பார்கள். அவர்கள் பரிந்துரைப்பதைக் கல்விக் குழு விவாதிக்கும். அதன்பிறகு சிண்டிகேட்டின் ஒப்புதல். ஒரு புதிய தாளைச் சேர்ப்பது எளிது. பழைய தாள் ஒன்றை நீக்குவது கடினம். நீக்கினால் அந்தத் தாளை நடத்திவந்த ஆசிரியருக்கு வகுப்பு இல்லாமல் போகும், பழைய மாணவர்களின் அரியர் தேர்வுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். ஆகவே ஒரு பாடத்திட்டத்தில் பழையது நீடிக்கிறது என்றால் அதற்குச் சோம்பல் மட்டுமே காரணமல்ல.

தேர்வு வேலை உங்களுக்குப் பழக்கமானதுதான். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு எங்கள் முகாமைப் பார்த்தால் வீடு போல இருக்கும். பதிவெண் மறைக்கப்பட்டுப் பொய் எண் இடப்பட்ட தாள்கள், கட்டுக் கட்டாக வந்து சேரும். முதுநிலைத் தாள்களை எங்களிடம் இரண்டு பேர் தனித்தனியே திருத்துவார்கள். இருவர் மதிப்பெண்ணுக்கும் இடைவெளி அதிகமானால் மூன்றாமவர் திருத்துவார்.

பள்ளியில் பழகிய ஒன்றை இங்கேயும் விடாமல் செய்கிறேன். விடை தவறாக இருந்தாலும் மாணவர் எந்த வரியில் வழி தவறினார் என்று தேடிப் பார்ப்பேன். படிக்கு மதிப்பெண் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களே, அதுதான். நான் திருத்தும் தாளின் மாணவரை நான் பார்க்கப்போவதில்லை. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கல்லூரியில், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகும் பிள்ளையாக இருக்கலாம். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு நியாயம் செய்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

ஆராய்ச்சி யாருக்கு?

"ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன பயன்?" என்ற கேள்வியும் வரும். நானும் என்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளை என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

நம் மேசையில் இருக்கும் தமிழ் அகராதிகள் பலவற்றுக்கும் மூலமாக நிற்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அந்த வேலை 1913-இல் தொடங்கியது. ஆறு தொகுதிகளும் வெளிவந்து முடிய 1936 ஆயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். கடைசிப் பத்தாண்டு அதைப் பொறுப்பேற்று முடித்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. லாப நோக்கில் நடக்கும் எந்த நிறுவனமும் ஒரு சொற்பட்டியலுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்காது.

இரண்டாவது, ஜி.என். இராமச்சந்திரன். 1952-இல் இயற்பியல் துறைக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில், நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று தம் மாணவர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து காட்டினார். 1963-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகெங்கும் புரத ஆய்வில் பயன்படுகிறது.

மூன்றாவது, நாம் எல்லாரும் அறிந்த இராமானுஜன். பட்டம் இல்லாதவர். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். விதியைப் பார்த்தால் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. ஆனாலும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. அவருடைய கணக்குகளைப் பார்த்தவர்கள் பரிந்துரைத்தார்கள், சிண்டிகேட் ஏற்றுக்கொண்டது. விதிக்கு வெளியே நின்ற ஒருவருக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து கடிதம் எழுதினார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

நம் பள்ளிப் பிள்ளைகளின் முதல் செமஸ்டர்

எங்கள் துறைக்கு வரும் மாணவர்களில் பாதிக்கு மேல் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்கள். பல கல்லூரிகளில் இளநிலைத் தேர்வையும் தமிழிலேயே எழுதியிருப்பார்கள். முதுநிலைக்கு வந்ததும் முழுவதும் ஆங்கிலம். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் பலர் தடுமாறுவார்கள்.

அவர்களுக்குக் கணிதம் தெரியவில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அது சரியல்ல. நான் பள்ளியிலிருந்து வந்தவள் என்பதால் ஒரு சோதனை செய்தேன். முதல் வாரம் ஒரே வினாவை ஆங்கிலத்தில் எழுதினேன். யாரும் கை தூக்கவில்லை. அதையே 'சார்பு', 'எல்லை', 'தொடர்ச்சி' என்று தமிழில் எழுதினேன். பின் வரிசையிலிருந்து மூன்று பேர் விடை சொன்னார்கள். 'சார்பு' என்பது தெரிந்த பிள்ளைக்கு 'ஃபங்ஷன்' என்பது அதேதான் என்று யாரோ ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அதைவிடக் கடினம் சின்னச் சொற்கள். 'லெட்', 'சச் தட்', 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' போன்றவை. நிரூபணத்தின் முதுகெலும்பே அந்தச் சின்னச் சொற்கள்தான். அவற்றுக்கு இப்போது முதல் இரண்டு வாரங்களை ஒதுக்கிவிடுகிறேன்.

இன்னொரு தடை, கேட்கத் தயங்குவது. பள்ளியில் நாம் வகுப்பு ஆசிரியர். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். இங்கே ஒரு மாணவர் இரண்டு வாரம் வராவிட்டாலும் வருகைப் பதிவேடுதான் சொல்லும். கட்டணம் கட்டக் கடைசி நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். பார்க்காதவருக்கு அபராதம். யாரும் கெட்டவர்கள் இல்லை. இடம் பெரியது, ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வரும் தாளை மட்டும் பார்க்கிறார்கள். பெரிய நிறுவனம் ஒன்றில் ஒரு பிள்ளை காணாமல் போவது இப்படித்தான்.

ஓர் எழுத்து

2018 ஜூன் மாதம். முதுநிலைச் சேர்க்கைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி கோப்பை என் முன் வைத்துவிட்டு, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றாள். பள்ளியில் நான் பத்தாம் வகுப்பு நடத்திய பெண். தரவரிசையில் மேலே இருந்தாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பக்கத்தில் இருந்தவர்களிடம் "என் ஸ்டூடன்ட்" என்று சொன்னேன்.

கோப்பைப் பிரித்த உடன்பணியாளர், "மேடம், இனிஷியல் ஒத்துவரலையே" என்றார். சாதிச் சான்றிதழிலும் ஆதாரிலும் தலைப்பெழுத்து 'ஆ'. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களிலும் பட்டத்திலும் 'மு'.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரித்தது நான். அந்த நாள் நினைவுக்கு வந்தது. மறுநாள் பட்டியலை அனுப்ப வேண்டும். மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அப்பா பேர் என்னம்மா?" என்று கேட்டு எழுதினேன். அவள் தன் அப்பாவை ஊரார் கூப்பிடும் பெயரைச் சொன்னாள். அது 'மு'வில் தொடங்கும். பதிவேட்டில் இருக்கும் பெயர் 'ஆ'வில் தொடங்கும். நான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கவில்லை. பட்டியலைப் பெற்றோருக்குக் காட்டி ஒப்பம் வாங்கினோம். அவள் அம்மா கைநாட்டு வைத்தார். படிக்கத் தெரியாதவரிடம் வாங்கிய ஒப்பம் என் தவறை யாருக்குக் காட்டியிருக்கும்?

கல்லூரியில் உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பெயர் பொருந்தாததால் மூன்றாண்டும் உதவித்தொகை அவள் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. "அலைஞ்சு பாத்துட்டு விட்டுட்டோம் டீச்சர்" என்றாள். பிறகு எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். தம்பி பத்தாம் வகுப்போடு நின்று திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனானாம். அவன் அனுப்பிய பணத்தில் கட்டணம் கட்டினார்களாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை; கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலைப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். "நீங்க கேட்டப்ப நான்தானே அப்படிச் சொன்னேன், என் தப்புதான் டீச்சர்" என்றாள்.

பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னதைச் சரிபார்க்க வேண்டியது யார்? அந்தக் கேள்விக்கு எனக்கு வேறு பதில் இல்லை.

விதிப்படி அன்று அவளைச் சேர்க்க முடியாது. துறைத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார்: பிழை பள்ளிப் பட்டியலில் நேர்ந்தது, பட்டியல் தயாரித்த ஆசிரியரே இங்கே இருக்கிறார், திருத்தப்பட்ட சான்றிதழ்களை ஓராண்டுக்குள் ஒப்படைப்பார் என்ற நிபந்தனையுடன் தற்காலிகமாகச் சேர்க்கலாம். நான் நினைத்ததைவிடக் கோப்பு வேகமாகப் படியேறியது. ஒப்புதல் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை பழைய பள்ளிக்குப் போனோம். சேர்க்கைப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் சரியாகவே இருந்தது. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. தலைமையாசிரியர் அதன் நகலோடு விண்ணப்பத்தை முறைப்படி அனுப்பினார். முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் திருந்த வேண்டும். அதைக் காட்டிப் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டையும் காட்டிப் பட்டம். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. எல்லாம் முடிய மறு ஆண்டு பிப்ரவரி ஆயிற்று. ஓர் எழுத்தை எழுத எனக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

அவள் 2020-இல் முதுநிலையை முடித்தாள். இப்போது ஒரு பள்ளியில் கணிதம் நடத்துகிறாள். அவள் தம்பி படிப்புக்குத் திரும்பவில்லை. அதை என்னால் திருத்த முடியவில்லை.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தபின், பள்ளி ஆசிரிய நண்பர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கத் தோன்றுகிறது. இவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. ஆனால் இவற்றின் விளைவை மறுபுறத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒன்று: பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிள்ளை சொல்வதை வைத்து எழுதாதீர்கள். சேர்க்கைப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் பத்தாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே சரிசெய்ய வைப்பது எளிது. படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பட்டியலை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் போன்ற திட்டங்களில் மாதந்தோறும் பணம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பெயர் பொருந்தாவிட்டால் அந்தப் பணம் வருவது சிக்கலாகும்.

இரண்டு: மேல் வகுப்புகளில் தமிழ்க் கலைச்சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் கரும்பலகையில் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழில் பாடம் நடத்துவதை விட்டுவிட வேண்டியதில்லை. தமிழில் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. புரியாமல் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து வந்தவர்களைவிட அவர்களே எங்களிடம் விரைவில் முன்னேறுகிறார்கள்.

மூன்று: பிள்ளைகளே குறிப்பெடுக்கப் பழக்குங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒருநாள், நீங்கள் பேசுவதைக் கேட்டு ஐந்து வரி அவர்கள் சொந்தமாக எழுதினால் போதும். எங்கள் வகுப்பில் 'நோட்ஸ் கொடுப்பீங்களா மேடம்?' என்பதுதான் முதல் கேள்வி.

நான்கு: அலுவலகத்தில் கேட்கப் பழக்குங்கள். வங்கிப் படிவம் நிரப்புவது, விண்ணப்பக் கடிதம் எழுதுவது, கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் தேதியையும் வைத்துக்கொள்வது. இவை பாடத்திட்டத்தில் பெரிய இடம் பெறாதவை. ஆனால் வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு இவற்றை நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

ஐந்து: பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளிடம் முதல் செமஸ்டரில் ஒருமுறையாவது பேசுங்கள். "எப்படிப் போகுது? கட்டணம் கட்டிட்டியா? உதவித்தொகைக்கு எழுதிட்டியா?" என்ற மூன்று கேள்விகள் போதும். கல்லூரியில் அவர்களிடம் இதைக் கேட்க ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கடைசியாக, "மீதி நேரத்தில் என்ன பண்றீங்க?" என்று கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான். நீங்கள் வகுப்பறையில் முகம் பார்த்துச் செய்யும் வேலையைத்தான் நானும் செய்கிறேன்; பெரும்பாலும் முகம் பார்க்காமல், தாள்களில் செய்கிறேன். சேர்க்கை நாளில் ஒவ்வொரு கோப்பையும் பிரிக்கும்போது முதலில் தலைப்பெழுத்தைப் பார்க்கிறேன். பொருந்தவில்லை என்றால் "வெளியே போய் உட்காரும்மா" என்று சொல்வதில்லை. எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டு, அந்தத் தலைமையாசிரியரின் எண்ணைத் தேடி நானே போன் செய்கிறேன். ஒருநாள் அந்த அழைப்பு உங்கள் பள்ளிக்கும் வரலாம். வந்தால், தயவுசெய்து அந்தப் பழைய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.